சேர்ந்தே போவோம் என்று சொன்ன சிங்காரம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் பிரசங்கம் பாதியில் இருக்கும்போது ஒலிபெருக்கி நின்றுவிட்டது. போதகர் அது தெரியாமல் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். பின்வரிசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் இளைஞர் ஓடிவந்து, சுவரோரம் இருந்த கறுப்புப் பெட்டி ஒன்றின் முதுகுப் பலகையைக் கழற்றினார். மூன்றாவது வரிசை வரைக்கும் ஒரு வாடை வந்தது. சூடேறிய தூசியும் செம்புக் கம்பியின் மேல்பூச்சும் சேர்ந்து கருகும் வாடை. வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர் என்றால் உங்களுக்கு உடனே தெரிந்திருக்கும். பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். நான் நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு போதகர் என்ன பேசினார் என்று என்னைக் கேட்காதீர்கள். உடம்புதான் தஞ்சாவூரில் இருந்தது. நான் நீடாமங்கலம் பக்கத்து வயல் ஒன்றுக்குப் போய்விட்டேன்.

நீடாமங்கலத்தில்தான் எனக்கு முதல் வேலை. ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் தட்டச்சு. தஞ்சாவூரிலிருந்து காலைப் பாசஞ்சரில் போய் மாலைப் பாசஞ்சரில் திரும்புவேன். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் வயல்தான். நாற்று, நடவு, கதிர், அறுத்த தாள் என்று அது மாறுவதைப் பார்த்தே என்ன மாதம் என்று சொல்லிவிடலாம். வெறும் தாள் நிற்கும் மாதங்களில் எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும், சம்பளமில்லாத வேலை. அறுவடை முடிந்த வயல்களில் சுவிசேஷக் கூட்டம் நடத்தும் ஒரு குழுவில் நான் பாடகி.

பாடகி என்று நானே சொல்லிக்கொள்கிறேன். மேடையில் பெண்கள் நாலைந்து பேர் நிற்போம், ஆளுக்கொரு மைக். மற்றவர்களின் குரலை ஊர்க்காரர்கள் பாராட்டுவார்கள். என் குரலைப் பற்றி யாரும் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. இரண்டு கோடை கழிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மைக் செட்காரர் சிங்காரம் அண்ணன் முதல் நாளிலிருந்தே என் மைக்கை மட்டும் அடியோடு குறைத்து வைத்திருந்தார். கேட்டதற்குக் கூச்சத்தோடு சொன்னார்: "உங்க குரல் நல்லாத்தாம்மா இருக்கு. மைக்குக்குத்தான் ஒத்துக்கல."

எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லப்போனால் அதிலிருந்துதான் எங்கள் சிநேகம் ஆரம்பித்தது.

அந்தக் கூட்டங்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வெடிப்பு விட்ட களிமண் வயலில் தார்ப்பாய் விரித்திருப்பார்கள். வெடிப்புக்குள் செருப்பு விழுந்தால் எடுக்க ஆள் வேண்டும். சவுக்குக் கழிகளில் டியூப் லைட், அதைச் சுற்றிப் பூச்சிக் கூட்டம். பாடுகிறவர்கள் வாயைத் திறக்கும்போது ஒன்றிரண்டு உள்ளேயும் போகும். கூட்டத்துக்கு முன்னால் மேடை. எல்லோருக்கும் பின்னால், ஒரு வேப்பமரத்தடியில், ஒற்றை மேசை. அந்த மேசையில் ஆம்ப்ளிஃபயர். அதன் மேல் ஒரு கையை வைத்தபடி சிங்காரம் அண்ணன் நிற்பார். மாட்டின் முதுகைத் தடவுகிறவர் மாதிரி அந்தக் கை அதன் மேலேயே இருக்கும்.

அவர் கிறிஸ்தவர் இல்லை. அவருடைய அப்பாவும் தாத்தாவும் பண்ணையில் வேலை செய்தவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்தத் தொழில் வைத்தவர் அவர்தான். மாரியம்மன் கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், எங்கள் சுவிசேஷக் கூட்டம், எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஒலிபெருக்கிதான் பேசும். ஆனால் எங்கள் பிரசங்கியாரின் பிரசங்கங்களை எங்களைவிட அவர் அதிகம் கேட்டிருந்தார். நாங்கள் மேடையில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருப்போம். அவரோ ஒரு வார்த்தை விடாமல் கேட்டாக வேண்டும். தொழில் அப்படி.

பிரசங்கியார் வயலும் வரப்பும் தெரிந்த மனிதர். நகரத்துப் பிரசங்கம் அவருக்கு வராது. "நாளைக்குப் பார்த்துக்கலாம்ங்கிறீங்க. அந்த நாளைக்கு உங்க பேர்ல பட்டா இருக்கா? தாசில்தார்கிட்ட வாங்கி வச்சிருக்கீங்களா?" என்று கேட்பார். சிரிப்பு வரும். அதன் பிறகு வரும் அமைதியில் சிரிப்பு இருக்காது. கடைசியில் அழைப்பு. கிறிஸ்துவை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுந்து மேடைக்கு முன்னால் வரலாம் என்று அவர் சொல்வார். நாங்கள் மெதுவாக ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவோம். கண்ணை மூடி ஜெபிக்க வேண்டிய நேரம் அது.

நான் மூட மாட்டேன். கிறிஸ்தவ வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். எழுந்து வரவேண்டிய தூரம் எனக்கு இருந்ததே இல்லை. அதனாலேயே எழுகிறவர்களைப் பார்க்க ஆசை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் நிற்கும். ஒருவர் எழுந்துவிடுவார். மற்றவர் வேட்டியைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தே இருப்பார். அந்த ஒரு நொடியில் உள்ளே என்ன நடக்கிறது? இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஒருநாள் பகலில் சிங்காரம் அண்ணனிடமே கேட்டுவிட்டேன். "நீங்க இவ்ளோ கேக்குறீங்களே அண்ணே, உங்களுக்கு ஒன்னும் தோணாதா?"

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. "தோணாம என்னம்மா? சில நாள் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். போயிடலாம்னுகூட இருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு குழாய் கொரகொரங்கும். என்னன்னு பார்க்கப் போவேன். சரி பண்ணிட்டுத் திரும்பி வந்தா, ஆமென் சொல்லி முடிச்சிருப்பாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

அவர் மனைவி வசந்தா அக்கா, கூட்டம் நடக்கும் நாட்களில் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு வருவார். வயலில் வேலை இல்லாத மாதம்தானே. தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டு நேராக முன்னால் வந்து மேடையோரம், நாங்கள் நிற்கும் பக்கம், தார்ப்பாயில் உட்கார்ந்துகொள்வார். பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். பாடும்போது எங்களைவிட நன்றாகத் தாளம் போடுவார்.

ஒரு மாலை, அழைப்புப் பாட்டின் இரண்டாவது அடியில் இருந்தோம். வசந்தா அக்கா எழுந்து நின்றார். எனக்குப் பாட்டு மறந்துபோயிற்று. (மைக்கில் கேட்டிருக்காது, கவலை இல்லை.) அவர் முகம் கழுவிவிட்டு வந்த மாதிரி இருந்தது. இன்னும் நாலடி வைத்தால் மேடை. ஆனால் வைக்கவில்லை. திரும்பிப் பார்த்தார். அத்தனை தலைகளுக்கும் மேலாகப் பின்னால் வேப்பமரத்தடியைப் பார்த்தார்.

அங்கே சிங்காரம் அண்ணன் உள்ளங்கையை விரித்து மெதுவாகக் கீழே அழுத்திக் காட்டினார். மைக் சரியாகும் வரை பாட்டை ஆரம்பிக்காதீர்கள், பொறுங்கள் என்று எங்களுக்கு அடிக்கடி காட்டும் அதே சைகை.

அக்கா உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் சிங்காரம் அண்ணன் முன்னால் வந்தார். கோபமாக வரவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினார்.

"ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம் வசந்தா. பொண்ணு கல்யாணம் முடிஞ்சிரட்டும். இப்பவே மாறிட்டோம்னு தெரிஞ்சா பேசிக்கிட்டிருக்கிற சம்பந்தம் நின்னுபோயிடும். கோயில்லயும் மைக் செட்டுக்கு வேற ஆளைக் கூப்பிடுவாங்க. நான் வேணாங்கல. கொஞ்சம் பொறுத்துக்க."

"சரி" என்றார் அக்கா. என்னைப் பார்த்துச் சிரித்தார். "எங்க வீட்டுல எதுக்கும் அவருதாம்மா சுவிட்சு போடணும்."

நியாயமான காரணம்தானே? எனக்கு அன்றைக்கு அப்படித்தான் பட்டது. இப்போதும் அதில் குறை சொல்ல என்னால் முடியவில்லை. பெண்ணைப் பெற்றவர் யோசிப்பதைத்தான் அவரும் யோசித்தார்.

பெண்ணுக்குக் குத்தாலம் பக்கம் கல்யாணம் ஆயிற்று. அடுத்த கோடையில் நான் வசந்தா அக்காவைப் பார்த்துக் கண்ணால் கேட்டேன். பெண் மாசமாக இருக்கிறாள், பிரசவம் ஆகட்டும் என்றார். அதற்கடுத்த கோடையில் கோயில் கும்பாபிஷேகம். மைக் செட் ஒப்பந்தம் சிங்காரம் அண்ணனுக்கு. அது முடியட்டும் என்றார் அக்கா. காரணங்கள் ஒன்றன் பின் ஒன்றாக, முறைப்பாசனத்தில் தண்ணீர் வருவது போல வந்துகொண்டே இருந்தன. அக்கா ஒவ்வொரு அழைப்புக்கும் உட்கார்ந்தே இருந்தார். எழுந்து நிற்கவில்லை. திரும்பிப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

ஒருமுறை என்னிடம் சொன்னார். "உலை வச்சுட்டு அடுப்பு முன்னாடி உக்காந்திருக்கிறப்ப நான் பாட்டுக்கு அவருகிட்ட ரெண்டு வார்த்தை பேசிக்குவேன். எனக்கு ஜெபம்லாம் ஒழுங்கா வராது. இதெல்லாம் கணக்குல சேருமோ என்னமோ."

அவர் என்றது இயேசுவை. எனக்கு அது புரியச் சற்று நேரம் ஆயிற்று.

அந்த வருடம் சம்பாவில் களை எடுத்துக்கொண்டிருந்த வசந்தா அக்கா வயலிலிருந்து ஏறி வரப்பில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த பெண் வாய்க்காலோரம் வைத்திருந்த குடத்திலிருந்து மொண்டுகொண்டு திரும்பி வருவதற்குள் சாய்ந்துவிட்டார். அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஒரு தலைவலி என்றுகூட அவர் படுத்ததில்லை. அலுவலகத்தில் யாரோ வந்து சொன்னார்கள். நான் தட்டச்சு இயந்திரத்தில் பாதி வரியில் இருந்தேன். அந்த வரி எதைப் பற்றியது என்பது மறந்துவிட்டது. பாதியில் நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த கோடைக் கூட்டத்துக்குச் சிங்காரம் அண்ணன் வருவாரா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். வந்தார். டிராக்டர் டிரெய்லரில் பெட்டிகளோடு முன்னதாகவே வந்து இறங்கிவிட்டார். தாடி விட்டிருந்தார். நாங்கள் துக்கம் விசாரித்தபோது தலையை ஆட்டிவிட்டு ஒயரைப் பிரிக்கப் போய்விட்டார். மதியத்துக்கு மேல் பிரசங்கியார் மேடையைப் பார்க்க வந்தார். சிங்காரம் அண்ணன் ஏணி மேல் நின்று கம்பத்தில் குழாய் கட்டிக்கொண்டிருந்தார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இறங்காமலே கேட்டார். "ஐயா, அவ இப்ப எங்க இருப்பா?"

பிரசங்கியார் அண்ணாந்து பார்த்தார். வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டார். எவ்வளவோ பேர் எவ்வளவோ கேட்டு அவர் பதில் சொல்லி நான் பார்த்திருக்கிறேன். பதில் தேடி அவர் நின்றதைப் பார்த்தது அன்றுதான்.

"எனக்குத் தெரியாது சிங்காரம்."

"நீங்களே தெரியாதுங்கிறீங்களே."

"தெரியாததைத் தெரியாதுன்னுதான் சொல்லணும். உங்களுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு ஒன்னு சொல்லிடலாம். அது என் வாய்ல வரல."

ஏணி லேசாக ஆடியது. நான் அடுப்படி விஷயத்தைச் சொன்னேன். வசந்தா அக்கா உலை வைத்துவிட்டுப் பேசிக்கொள்வேன் என்று சொன்னதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன்.

சிங்காரம் அண்ணன் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். "எங்கிட்ட சொல்லலையே" என்றார். ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். "நான் கேட்டாத்தானே சொல்லுவா. பொறு பொறுன்னு சொல்லிக்கிட்டு நான் மைக்கைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

பிரசங்கியார் அவர் பக்கத்தில் மண்ணிலேயே குந்தினார். "நீங்க சொன்னது கேக்க ரொம்ப நல்லாயிருக்கும்மா" என்று என்னிடம் சொன்னார். பிறகு அவர் பக்கம் திரும்பினார். "அவங்க விஷயம் இப்ப கடவுள் கையில இருக்கு, நல்ல கைதான். என்னால உங்களைப் பத்தித்தான் பேச முடியும் சிங்காரம். நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்க."

அன்று மாலை எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. பாடவில்லை, குழுவுக்குப் பெரிய இழப்பில்லை. பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு ஒயர்ப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் முடிந்து அழைப்பு ஆரம்பித்தது. சிங்காரம் அண்ணன் கை ஆம்ப்ளிஃபயர் மேலேயே இருந்தது. நான் முன்னால் எழுகிறவர்களைப் பார்க்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையை எடுத்துவிட்டார்.

"டைப்பிஸ்டம்மா, இதைக் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்றார். நான் எதைப் பார்த்துக்கொள்வது என்று கேட்பதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே வழி பார்த்துப் பார்த்துப் போனார். ஊர்க்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முன்னால் ஏதோ ஒயர் கழன்றுவிட்டது, அதைச் சரி செய்யத்தான் போகிறார் என்று நினைத்திருப்பார்கள். அவர் வருவதைப் பார்த்துவிட்டுப் பிரசங்கியார் மைக்கைக் கையில் பிடித்தபடியே மேடையை விட்டு இறங்கி வந்தார். குழாய்க்கு நேர் எதிரே வந்துவிட்டார். பிடித்தது ஒரு கூச்சல். காதைக் கிழிக்கும் கூச்சல். குழந்தைகள் அலறின. நான் பதறிப்போய் அகப்பட்ட ஒரு திருகைப் பிடித்துத் திருகினேன். எல்லாமே நின்றுபோயிற்று. கூச்சலும் நின்றது, பாட்டும் நின்றது, பிரசங்கியார் குரலும் நின்றது. ஜெனரேட்டர் சத்தம் மட்டும்தான்.

மேடைக்கு முன்னால் போய் நின்றுவிட்ட சிங்காரம் அண்ணன் சட்டென்று திரும்பினார். பழக்கம். கால் இரண்டடி என் பக்கம் வந்தும்விட்டது. அவர் முகத்தை அவ்வளவு தூரத்திலிருந்தும் பார்த்தேன். இத்தனை வருடமாக நடந்தது மறுபடியும் நடக்கப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. நான் இன்னொரு திருகைத் திருகினேன். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிரசங்கியார் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். மைக் இல்லாத குரல் எனக்குக் கேட்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் பிறகு சொன்னார்கள். "விடுங்க சிங்காரம். அது கெடக்கட்டும்" என்றாராம்.

சிங்காரம் அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார். அப்புறம் அந்த வெடிப்பு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததை, குழாய் இல்லாமலே, பின்னால் வரைக்கும் எல்லோரும் கேட்டோம்.

ஞானஸ்நானத்துக்கு ஆற்றில் தண்ணீர் இல்லை. வெண்ணாறு முழுக்க மணல். மேட்டூரில் திறந்து இங்கே வந்து சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார் பிரசங்கியார். சிங்காரம் அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னொரு தரம் என்னைப் பொறுக்கச் சொல்லாதீங்க ஐயா." அந்த வாரமே பக்கத்தில் ஒரு பம்புசெட்டில் நடந்தது. நிலத்துக்காரர் பழைய மிராசு குடும்பம். மகன்கள் எல்லாம் சென்னையில். தயங்கிக்கொண்டே போய்க் கேட்டோம். "முழுகத்தானே போறீங்க? தாராளமா முழுகுங்க. மோட்டாரைப் போட்டு விடச் சொல்றேன்" என்றார். சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் வந்து விழும் இரைச்சலில் பிரசங்கியார் சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. சிங்காரம் அண்ணன் மூழ்கி எழுந்ததும் தும்மினார். நாங்கள் பாடினோம், என்னையும் சேர்த்து.

பிறகு எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிப் பட்டுக்கோட்டைக்குப் போகவேண்டி வந்தது. தஞ்சாவூரில் கல்யாணம்; மைக் செட் சிங்காரம் அண்ணன்தான், காசு வாங்க மாட்டேன் என்று சண்டை போட்டார். எல்லாம் முடிந்து ஒயரைச் சுருட்டும்போது, கழுத்து மாலையோடு போய் அவரிடம் கேட்டேன். ஊரில் என்ன சொல்கிறார்கள், கோயிலில் கூப்பிடுகிறார்களா, குத்தாலத்தில் சம்பந்தி வீட்டில் என்ன சொன்னார்கள் என்று. எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவர் சுருட்டுவதை நிறுத்திவிட்டார்.

"கோயில்ல இந்த வருஷமும் நான்தான்மா. தர்மகர்த்தா ஒரு வார்த்தை கேட்டாரு. ஆமாங்கன்னேன். சரி, குழாயை நல்லா உசரமா கட்டுன்னுட்டுப் போயிட்டாரு. சம்பந்தி வீட்டுல, அப்படியான்னாங்க. உடனே காபி குடிக்கிறீங்களான்னு கேட்டாங்க." கையிலிருந்த ஒயரை மேசை மேல் வைத்தார். "இவ்வளவுதானான்னு இருந்துச்சும்மா. நான் பயந்ததெல்லாம் இவ்வளவுதான். இதுக்காகத்தான் அவளை உக்காரச் சொன்னேன்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என்னைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். மகள் வீட்டோடு போய்ச் சில காலம் இருந்தார் என்றும், அங்கே ஒரு சிறிய சபையில் எப்போதும் முதல் வரிசையில்தான் உட்காருவார் என்றும் கேள்விப்பட்டேன். மைக் செட் பக்கம் அங்கே போகவே மாட்டாராம். இப்போது அவரும் இல்லை, பிரசங்கியாரும் இல்லை.

கணவர் ஓய்வு பெற்ற பிறகு தஞ்சாவூருக்கே திரும்பிவிட்டோம். இங்கே எங்கள் சபையில் அழைப்பு உண்டு. எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், விருப்பம் உள்ளவர்கள் இருந்த இடத்திலேயே கையை மட்டும் உயர்த்துங்கள் என்கிறார்கள். திரையில் ஒரு எண் வரும். வீட்டுக்குப் போய்க்கூடச் செய்தி அனுப்பலாம். யாரும் எழுந்து, ஊர் பார்க்க, நடந்து வரவேண்டியதில்லை. கூச்சப்படுகிறவர்களுக்கு இது வசதி என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் நான் கண்ணை மூடுவதில்லை என்பதால் பார்க்கிறேன்: பாதி உயர்ந்த சில கைகள் தலையைக் கோதிக்கொண்டு கீழே இறங்கிவிடுகின்றன.

ஒருமுறை நீடாமங்கலம் வழியாகப் போனபோது காரை நிறுத்தச் சொல்லி அந்த வயலைத் தேடினேன். மனைப்பிரிவு ஆகிவிட்டது. வேப்பமரம் இல்லை, பம்புசெட்டும் இல்லை. மஞ்சள் அடித்த கற்கள் வரிசையாக நட்டிருந்தார்கள், நடுவே ஒரு தார்ச்சாலை. மேடை எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வசந்தா அக்கா எழுந்து நின்று திரும்பிப் பார்த்த இடம் இப்போது யாருடைய மனையில் வருகிறதோ, தெரியவில்லை.